நெடுந்தூர ஓட்டுநர் தேவை

ரெஜைனாவுக்கு நாலு, கால்கரிக்கு எட்டு, வான்கூவருக்குப் பதினாறு. நச்சத்தர் கவுர் கனடாவின் தூரத்தைப் பராத்தாவில்தான் அளப்பார். உருளைக்கிழங்கு அடைத்துச் சுட்டு, அலுமினியத் தாளில் சுற்றி, மேலே ஊரின் முதல் எழுத்தை மார்க்கரால் எழுதி, லாரி கிளம்புவதற்கு முன் ஓட்டுநர் கையில் கொடுத்துவிடுவார். ஒருமுறை வான்கூவர் லோடு கடைசி நேரத்தில் ரத்தாகி ரெஜைனாவாக மாறியது. ஓட்டுநர் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர்போல் வண்டியை நகர்த்தினார். நச்சத்தர் கவுர் பனியில் பின்னாலேயே நடந்துபோய்க் கதவைத் தட்டி, பன்னிரண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார்.

"லோடு மாறினா பொட்டலமும் மாறும்" என்றார். "வீட்டுக்குக் கொண்டுபோனா இவன் பொண்டாட்டி இன்னைக்குச் சமைக்க மாட்டா."

வின்னிபெக் நகரத்தைத் தாண்டி, ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது அவருடைய லாரிகள் நிற்கும் யார்டு. ஒரு டஜன் லாரிகள், சக்கரம் வைத்த ஒரு தகர அறை, அதற்குள் இரண்டு மேசை, ஓர் அடுப்பு. கம்பெனி அவர் பெயரிலும் கணவர் பக்‌ஷீஷ் சிங் பெயரிலும் இருக்கிறது. பக்‌ஷீஷ் சிங்குக்கு உட்கார்ந்து வேலை பார்க்க வராது. அவரும் ஒரு லாரியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆகவே முதலாளி, மேலாளர், லோடு பார்ப்பவர், சமையல்காரர் எல்லாம் நச்சத்தர் கவுர்தான். சல்வார் கமீஸுக்கு மேலே கண் கூசும் ஆரஞ்சு நிறத்தில் பாதுகாப்புச் சட்டை, காலில் கணவரின் பனி பூட்ஸ். வாரம் இரண்டு நாள் நான் அங்கே கணக்கு எழுதப் போகிறேன். எனக்குத் தனியாக டீ போட வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

புது ஓட்டுநர் வந்தால் அவருடைய சான்றிதழை நச்சத்தர் கவுர் பார்ப்பதில்லை. அதை என்னிடம் தள்ளிவிட்டு யார்டின் கோடியில் போய் நிற்பார். நின்றுகொண்டிருக்கும் இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே மூன்றாவதை ரிவர்ஸில் நுழைக்கச் சொல்வார். கையைத் தூக்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல், வண்டியின் நேர் பின்னால் நிற்பார். ஓட்டுநர் கண்ணாடியில் அவரைப் பார்த்து நிறுத்தினால் தேர்ச்சி. பார்க்காமல் வந்தால் இவர் ஒதுங்கிக்கொண்டு, "நான் செத்துட்டேன்டா. டீ குடிச்சிட்டுப் போ" என்பார்.

இந்த ஊரில் நெடுந்தூரம் ஓட்ட ஆள் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து கூட்டிவர வேண்டுமென்றால், இங்கே யாரும் வரவில்லை என்று அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டும். அதற்காக 'நெடுந்தூர ஓட்டுநர் தேவை' என்று விளம்பரம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வருகிற உள்ளூர்க்காரரை முறைப்படி நேர்முகம் காண வேண்டும். முன்பு ஒருமுறை டேரில் என்று ஒருவர் வந்தார். நல்ல உயரம், நல்ல லைசென்ஸ். ரிவர்ஸிலும் தேறிவிட்டார். கடைசியில், "வெள்ளிக்கிழமை எங்க ஹாக்கி டீம் ஆடும். அன்னைக்கு வீட்ல இருக்கணும்" என்றார்.

"வெள்ளிக்கிழம நீங்க ராக்கி மலைல இருப்பீங்க."

"எல்லா வெள்ளிக்கிழமையுமா?"

"ஒரு வெள்ளி போறப்ப. அடுத்த வெள்ளி வர்றப்ப."

டேரில் யோசித்துப் பார்த்தார். இரண்டு சமோசா எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர் மறுத்த காரணத்தை நான் எழுதிக்கொண்டிருந்தபோது நச்சத்தர் கவுர் ஜன்னல் வழியாக அவருடைய காரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல பையன். வீட்ல இருக்கணும்னு நெனைக்கிறான். அதுல என்ன தப்பு? அத எப்படி எழுதுவ?"

"வேலை நிபந்தனையை ஏற்கவில்லைன்னு எழுதறேன்."

"ம். எழுத்துல போட்டா கெட்டவனாயிடறான்."

வெளிநாட்டு ஓட்டுநருக்குக் கொடுக்கும் வேலைக் கடிதத்தில் நான்கு விஷயங்கள் இருக்கும்: என்ன வேலை, என்ன சம்பளம், எத்தனை மணி நேரம், எந்த இடம். சொன்னது ஒன்று, நடப்பது ஒன்று என்று இருக்கக்கூடாது. இந்த நான்கையும் நச்சத்தர் கவுர் குருத்வாராவில் பிரார்த்தனை சொல்வதுபோல் ஒரே மூச்சில் சொல்வார். அங்கே எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கரில் ரொட்டி உருட்டும்போது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வேலை இல்லாமல் அந்தக் கடிதத்தை மட்டும் விலைக்குத் தர முடியுமா என்று காதோடு காதாகக் கேட்டிருக்கிறார். அந்த ஆளுக்கு அன்றைக்கு நச்சத்தர் கவுர் கையால் ரொட்டி விழவில்லை. வரிசையில் நின்ற எல்லோருக்கும் போட்டுக்கொண்டே வந்து, அவர் தட்டு வந்ததும் கூடையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார்.

இப்படிப்பட்டவர்தான் இந்தக் குளிர்காலத்தில் அரசாங்கத்திடம் மாட்டிக்கொண்டார்.

பஞ்சாபில் மோகா பக்கத்திலிருந்து வந்த பல்தேஜ் அவருடைய நல்ல ஓட்டுநர்களில் ஒருவன். முதல் தடவையிலேயே கண்ணாடியைப் பார்த்தவன். நிரந்தரக் குடியுரிமைக்கு மனுப் போட்டிருக்கிறான். அந்த மனு நிற்பதே இந்தக் கம்பெனியில் அவன் பார்க்கும் வேலையின்மேல்தான். ஜனவரியில் அவன் மனைவி ரமனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவருக்கும் இந்த நாட்டில் சொந்தம் என்று யாரும் இல்லை. பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் தனியாக விடக்கூடாது, வாசல் தாண்ட விடக்கூடாது. சவா மகீனா என்பார்கள். பஞ்சாபில் அதற்கு ஒரு வீடு நிறையப் பெண்கள் இருப்பார்கள். இங்கே ஒரு அடித்தள அறையும் பல்தேஜும்தான்.

நச்சத்தர் கவுர் யாரையும் கேட்கவில்லை. அவனை வான்கூவர் லோடிலிருந்து எடுத்து, ஊருக்குள் ரயில் முனையத்துக்கும் யார்டுக்கும் நடுவே டிரெய்லர் இழுக்கும் வேலையில் போட்டார். மாலையானால் வீட்டுக்குப் போய்விடலாம். சம்பளத்தில் ஒரு காசு குறைக்கவில்லை. கோதுமை மாவை நெய்யில் வறுத்து, பாதாம் போட்டுப் பஞ்சீரி கிளறி டப்பா டப்பாவாக அவனிடமே கொடுத்தனுப்பினார். எனக்கும் அது சரியாகவே பட்டது. கடிதத்தில் 'நெடுந்தூர' என்று ஒரு சொல் இருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்று தகவல் வந்ததும்தான் தோன்றியது.

பக்‌ஷீஷ் சிங் அப்போது மெடிசின் ஹாட் என்ற ஊர்ப் பக்கம் எங்கேயோ ஓட்டிக்கொண்டிருந்தார். போன் மேசைமேல் இருந்ததால் அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது. இருவரும் ஒருவரையொருவர் பிள்ளை பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"ஜஸ்ஸி அம்மா, ட்ரெயினிங்ல இருந்தான்னு சொல்லிடு."

"என்ன ட்ரெயினிங்?"

"ஏதோ ஒரு ட்ரெயினிங். பனியில ஓட்டற ட்ரெயினிங்."

"மூணு வருசமா பனியிலதான ஓட்டறான்? லாரிக்குள்ள இருக்கிற பொட்டி அவன் எங்க போனான், எங்க நின்னான்னு எல்லாத்தையும் பதிஞ்சு வெச்சிருக்கு ஜஸ்ஸி அப்பா. நான் ஒண்ணு சொல்லி அது ஒண்ணு சொன்னா அவங்க அதத்தான் நம்புவாங்க. அது பஞ்சாபியும் இல்ல, பொம்பளையும் இல்ல."

"அப்ப என்னதான் சொல்லப்போற?"

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்று போனை வைத்தார்.

வந்த அதிகாரி திருமதி ஃப்ரீசன். ஐம்பது வயது இருக்கும். பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு உள்ளே வந்தார். டீயை வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் எடுத்து வைத்த சம்பளக் கணக்கை எல்லாம் பார்த்துவிட்டு, திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு லாரிப் பெட்டியின் பதிவைத் திறந்தார்.

"பல்தேஜ் கடைசியா எப்ப வெளியூர் போனாரு?"

"கொழந்த பொறக்கறதுக்கு முன்னாடி."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் கொழந்த பொறந்துடுச்சு."

திருமதி ஃப்ரீசன் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க குடுத்த கடிதத்துல நெடுந்தூர ஓட்டுநர்னு இருக்கு."

"ஆமா. நான் சொல்லித்தான் எழுதுனது."

"ஆனா இவ்வளவு நாளா ஊருக்குள்ளயே ஓட்டியிருக்காரு."

"பச்ச உடம்புக்காரிய விட்டுட்டு ராக்கி மலைக்கு அனுப்பச் சொல்றீங்களா? அவளுக்கு இங்க அம்மா இல்ல, மாமியார் இல்ல, அக்கா தங்கச்சி இல்ல."

"அவருக்கு லீவு குடுத்திருக்கலாமே. அதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு."

"லீவு குடுத்து சும்மா வீட்ல உக்காந்திருந்தா பரவாயில்ல. வேல குடுத்தா தப்பு."

"வேற வேல குடுத்தா தப்பு."

நச்சத்தர் கவுர் டீப் பாத்திரத்தை எட்டி எடுத்தார். "சரி. டீ இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

அதிகாரி கோப்பையை நீட்டினார். "எனக்குப் புரியுதுங்க. எனக்கும் மூணு பிள்ளைங்க. ஆனா நெடுந்தூரம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்து கார் கழுவ விடற எடமெல்லாம் நான் பாத்திருக்கேன். என் நாற்காலில உக்காந்து பாத்தா உங்க யார்டும் அதே மாதிரிதான் தெரியுது."

அத்தனை நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த நச்சத்தர் கவுர் அப்போது துப்பட்டாவை எடுத்து இல்லாத தூசியை மேசையிலிருந்து துடைத்தார்.

"இந்த வாரத்துக்குள்ள அவரு பழைய வேலைக்குப் போகணும். நெடுந்தூர வேலைன்னு ஒண்ணு நெஜமாவே இருக்குன்னு நான் காட்டணும். ஒரு ட்ரிப் பதிவு அனுப்புங்க. தெரியாம நடந்த தப்பு, சரிபண்ணிட்டாங்கன்னு எழுதிடறேன். அதுக்கப்புறம் வேணும்னா லீவு குடுங்க."

"அனுப்பலேன்னா?"

"நீங்க வெளிநாட்டு ஆள் எடுக்க முடியாது. அவரு பெர்மிட்ல உங்க கம்பெனி பேரு மட்டும்தான் இருக்கு. வேற எங்கயும் வேலைக்குப் போக முடியாது. குடியுரிமை மனுவும் நிக்காது."

அதிகாரியின் கார் போனதும் நச்சத்தர் கவுர் பல்தேஜைக் கூப்பிட்டார். அவன் கதவருகே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வான்கூவர். நாளைக்குக் காலைல."

"இன்னும் சவா மகீனா முடியலையே ஆன்ட்டி ஜி."

"எனக்குத் தெரியாதா? அத உனக்குச் சொன்னதே நான்தான்டா."

"நான் சொல்லிப் பாக்கட்டுமா அந்தம்மாகிட்ட?"

"என்னன்னு சொல்லுவ? நான் சொன்னத நீ இன்னொரு தடவ சொல்லுவ. போய் வண்டியப் பாரு. இஞ்சின சூடா வெக்கற கரண்ட் வயரு மாட்டியிருக்கான்னு பாரு, இல்லேன்னா இன்னைக்கு ராத்திரி இஞ்சின் உறைஞ்சிடும்."

பனியில் நச்சத்தர் கவுர் கார் ஓட்டமாட்டார். மறுநாள் காலையில் நான்தான் அவரைப் பல்தேஜ் வீட்டுக்கு அழைத்துப் போனேன். மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தார். மாற்று உடை, ரத்த அழுத்த மாத்திரை, பல் துலக்கும் பிரஷ். யார்டை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். "போன்ல பாத்துக்கலாம். லாரி என்ன என் முகத்தப் பாத்தா ஓடுது?" என்றார். பிறகு, "நீ வாரம் ரெண்டு நாள் வர்றத அஞ்சு நாளா ஆக்கிக்கோ" என்றார். அது கேள்வி இல்லை.

அடித்தளத்துக்குப் படி இறங்கினோம். ரமன் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பல்தேஜ் கதவுக்கு அருகில் ஜாக்கெட் போட்டு, பூட்ஸ் மாட்டி, தோளில் குழந்தையோடு நின்றிருந்தான். எப்போதிலிருந்து அப்படி நிற்கிறான் என்று தெரியவில்லை. ஜாக்கெட்டுக்குள் வியர்த்திருந்தான்.

"நீங்க சொல்லுங்க ஆன்ட்டி ஜி" என்றாள் ரமன். "போ போன்னு நானும் சொல்லிட்டேன். என் பேச்ச என்னைக்குக் கேட்டிருக்காரு?"

"போறேன். ஒரு நிமிஷம்."

"லோடு ஏத்தற எடத்துல உனக்காக நிக்கமாட்டாங்கடா."

"இப்பதான் தூங்கினா. எறக்குனா முழிச்சுக்குவா." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "நான் திரும்பி வர்றப்ப மொகம் மாறியிருக்குமா ஆன்ட்டி ஜி?"

"மாறும்" என்றார் நச்சத்தர் கவுர். "இந்த வயசுல தினம் மாறும்."

பையைக் கீழே வைத்துவிட்டு, அவன் தோளிலிருந்து குழந்தையை இரண்டு கையாலும் எடுத்தார். அவன் இன்னொரு முறை பார்க்கக் கழுத்தை நீட்டினான். நச்சத்தர் கவுர் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். குழந்தையின் முகம் தெரியாதபடி துப்பட்டாவை இழுத்து மூடினார். அவன் வெளியே கால் வைத்ததும், முழங்கையால் கதவைத் தள்ளிச் சாத்திவிட்டு, அதன்மேலேயே சாய்ந்து நின்றுகொண்டார்.