மாமியைச் சந்தேகித்த நான்கு மாதங்கள்

மன்னார் பஸ் நிலையத்தில் பெரியம்மா மூன்று போத்தல்களில் கொதித்தாறிய தண்ணீரை நிரப்பி, மூன்றிலும் என் பெயரை எழுதி ஒட்டி, மாமியின் கையில் கொடுத்தார். பஸ் பாலத்தைத் தாண்டுவதற்குள் மாமி அதில் ஒன்றைத் திறந்து மடமடவென்று தானே குடித்துவிட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. என் தண்ணீரைக் கேட்காமல் குடிக்கிற ஒருவர் இன்னும் என்னென்ன செய்வாரோ என்று மாமியின் ஊரான அரிப்புக்குப் போய்ச் சேரும்வரை யோசித்துக்கொண்டே போனேன்.

அம்மா அப்பா இருவரும் இல்லாத என்னை அம்மாவின் அக்காதான் வளர்த்தார். அவரே பெரியம்மா. எனக்கு அடிக்கடி மூச்சிழுப்பு வரும் என்பதால் பொத்திப் பொத்தி வளர்த்தார். குழாய்த் தண்ணீரை நம்பாதே, பின்னேரக் காற்றை நம்பாதே, தெருக் கழுதையை நம்பாதே, ஐஸ்பழக்காரனை நம்பவே நம்பாதே. இந்தப் பாடத்தில் நான் கெட்டிக்காரியாக இருந்தேன். மற்றபடி எனக்குத் தலை பின்னத் தெரியாது. மீனில் முள் இருக்கும் என்பதும் கேள்விப்பட்ட விஷயம்தான். பெரியம்மாவுக்கு வயிற்றில் ஒப்பரேசன், கொழும்புக்குப் போகவேண்டும், ஒரு மாதத்தில் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லித்தான் என்னை அப்பாவின் தங்கையான மாமியிடம் அனுப்பினார்.

மாமி தனியாள். கரையில் மீனை வாங்கி, உப்பிட்டு, காயவைத்துக் கருவாடாக விற்பவர். முதல் நாள் காலையில் நான் சீப்போடு போய் அவர் முன்னால் நின்றேன். "உன்ர தலைதானே பிள்ளை, நீயே இழு" என்றுவிட்டுப் போய்விட்டார். மத்தியானம் தட்டில் முழு மீன் கிடந்தது. முள்ளை யார் எடுத்துத் தருவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் எடுத்துத் தரவில்லை. மூன்றாம் நாள் ஒரு கம்பைக் கையில் தந்து, மணலில் மீன் பரப்பியிருந்த ஓலைப்பாய்களுக்குக் காகம் வராமல் காவல் வைத்தார். அப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதுபோல் இருந்தது. சும்மா கிடைத்த வேலைக்காரி நான்.

ஒரு மாதம் முடிந்தது. பெரியம்மா வரவில்லை. கேட்டால், "புண் ஆறேல்லையாம்" என்பார் மாமி. போன் எடுத்துத் தாருங்கோ என்றால், "ஆஸ்பத்திரியில போன் வைச்சிருக்க விடமாட்டினம்" என்பார். ஆனால் பின்னேரங்களில் மாமியின் போன் அடிக்கும். அவர் அதை எடுத்துக்கொண்டு கோயில் மதில் வரைக்கும் நடந்துபோய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெதுவாகப் பேசுவார். ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனேன். "ஓம், சாப்பிட்டவள்... இல்லை, இப்ப கூட்டிக்கொண்டு போக ஏலாது" என்பது மட்டும் காதில் விழுந்தது. என்னை யாருக்கோ கொடுக்கப் பார்க்கிறார், அல்லது யாரோ கேட்டும் கொடுக்க மறுக்கிறார் என்று முடிவு கட்டினேன். அன்றிலிருந்து காகத்தைப் பார்த்த கண்ணால்தான் மாமியையும் பார்த்தேன்.

ஆனால் அந்தக் கண் கருவாட்டுக்கு நன்றாக உதவியது. காகம், நாய், ஆடு, விலை கேட்க வருகிறவர் என்று யாரையும் நான் நம்பவில்லை. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்தேன்.

ஒருநாள் மாமி உப்பு வாங்கச் சிலாவத்துறைக்குப் போயிருந்தார். நல்ல வெயில். பக்கத்தில் மீன்பாய் விரித்திருந்த பெண்கள் நாலைந்து பேர் நிழலில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நெஞ்சு இறுகத் தொடங்கியது. காற்றில் ஈரம் ஏறினால்தான் அப்படி இறுகும். பெரியம்மா உடனே யன்னலைச் சாத்துவார். கடற்கரைச் சனம் வானம் பார்ப்பதென்றால் கடல் பக்கம்தான் பார்க்கும், அங்கே ஒரு முகில்கூட இல்லை. நான் திரும்பித் தரைப் பக்கம் பார்த்தேன். பனைகளுக்குப் பின்னால் கருமை ஏறியிருந்தது. "அக்கா, மழை வருது!" என்று கத்தினேன். "பட்டணத்துப் பிள்ளைக்கு வெயில் பிடிச்சிட்டுது" என்று ஒருத்தி சிரித்தாள். பிழையாகப் போனால் ஒருநாள் வெயில் வீண். கேட்டுச் செய்ய ஆளில்லை. கம்பை எறிந்துவிட்டுப் பாய்களை ஒவ்வொன்றாக இழுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டேன். தறப்பாளால் மூடி நாலு மூலையிலும் கல் வைத்து முடிக்கும்போது முதல் துளி என் கழுத்தில் விழுந்தது. மற்றவர்களின் மீனில் பாதி நனைந்துபோயிற்று.

மாமி தெப்பமாக நனைந்து வந்தார். தறப்பாளைத் தூக்கிப் பார்த்தார்.

"மூடினது ஆர்?"

"நான்தான்."

"நெத்தலியை அடியில வைச்சிட்டாய். நசுங்கிப்போம். இனி மேல வை."

அவ்வளவுதான். ஒரு நல்ல வார்த்தை வாயில் வரவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அடுத்த நாளிலிருந்து, பாயை விரிக்குமுன் பெண்கள் என்னிடம் வந்து, "பிள்ளை, இண்டைக்கு நெஞ்சு எப்பிடி?" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒன்பது வருடமாக நோய், வருத்தம் என்று பெயர் எடுத்திருந்த நெஞ்சு அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் மாமியை மன்னிக்கவில்லை.

நான்காம் மாதம் பெரியம்மா பஸ்ஸால் இறங்கி வந்தார். கறுத்துப்போய், பெரியம்மா எப்போதும் போட்டுவிடும் சுவெற்றர் இல்லாமல், மீன் செதில் ஒட்டிய கையோடு நின்ற என்னை இனங்காண அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு விம்மி விம்மி அழுதார். புண் நோகிறதாக்கும் என்று நினைத்து அவருடைய பையை நான் வாங்கிச் சுமந்தேன். மன்னாருக்குத் திரும்பிய பிறகு தனியாகவே பள்ளிக்கூடம் போனேன், தனியாகவே படித்து வேலையும் எடுத்தேன். அந்த நான்கு மாதத்தைப் பற்றி யார் கேட்டாலும், "மாமி என்னை வைச்சு வேலை வாங்கினவ" என்றே சொல்லிவந்தேன். அது மாமியின் காதுக்கும் போயிருக்கும். ஒருநாளும் அவர் மறுத்துப் பேசவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவர் இறந்தபோது, முறைக்காகப் போய் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

போன மாதம் பெரியம்மாவுக்குக் கண்ணில் புரை எடுக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தாதி படிவத்தோடு வந்து, "அம்மா, இதுக்கு முந்தி ஏதும் ஒப்பரேசன் செய்ததோ?" என்று கேட்டார். "ஓம், வயித்தில" என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள், "இல்லை மிஸ்ஸி, ஒருநாளும் இல்லை" என்றார் பெரியம்மா. தாதி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நான் பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நான் கொழும்புக்குப் போகேல்லை பிள்ளை. வீட்டிலதான் இருந்தனான். நான் பக்கத்தில இருந்தால் நீ ஒண்டும் பழகமாட்டாய் எண்டு உன்ர மாமி சொன்னவ. எனக்கும் தெரியும். ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுத்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகட்டோ எண்டு நான்தான் கேட்டு அழுவன். அவதான் விடேல்லை."

"பிறகாவது எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லுவம் எண்டுதான் கேட்டனான். வேண்டாமாம். பெரியம்மா பொய் சொன்னவ எண்டு தெரிஞ்சால் பிள்ளை ஆரையும் நம்பாது. கோவம் என்னிலயே இருக்கட்டும், எனக்குப் பழகிப்போம் எண்டு சொன்னவ உன்ர மாமி."

கொஞ்ச நேரத்தில் பெரியம்மாவை உள்ளே கூட்டிப்போனார்கள். நான் வெளியே இருந்த வாங்கில் உட்கார்ந்து, மாமிக்காக முதல் தடவையாக அழுதேன்.