வைனில் கலந்த தண்ணீர்

நடந்தது இது:

1. கப்பலில் வேலை செய்யும் அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது வீட்டிலேயே வைன் போடுவதற்கான கிட் ஒன்று கொண்டுவந்தான்.
2. அதை நான் கரைத்துப் புளிக்க வைத்தேன்.
3. புளித்த பிறகு அடியில் படிந்த கசடை விட்டுவிட்டு வேறு கேனுக்கு மாற்றினேன். மேலே கொஞ்சம் இடம் காலியாக நின்றது.
4. அந்த இடத்தில் அப்பா தண்ணீர் ஊற்றினார்.
5. குடித்துவிட்டுத்தான் ஊற்றினார் என்று அம்மா சொன்னாள்.
6. அப்பா வீட்டை விட்டுப் போனார்.

ஐந்தாவதைத் தவிர மற்ற எதிலும் எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடு இல்லை.

ராயபுரத்தில் எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு வீட்டு வைன் போடுவது புதிதல்ல. பன்னீர் திராட்சையை நசுக்கி, சர்க்கரையும் கோதுமையும் சேர்த்து ஜாடியில் கட்டி வைப்பார்கள். பண்டிகையன்று கேக்கோடு ஒரு சின்ன பாட்டில் பக்கத்து வீடுகளுக்குப் போகும். அப்பா குடியை விடுவதற்காக ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த வாரம், அம்மா எங்கள் ஜாடியைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து கேக் மட்டும்தான் போனது. அக்கம்பக்கத்தில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததுதான் அம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

அதனால் கிட்டைப் பார்த்ததும் அவள் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"போடுங்க. நான் இன்னா, அத்த மோந்து பாத்தா செத்துடுவனா?" என்றார் அப்பா.

"மோந்தா சாவ மாட்ட. மோந்துட்டு அப்பால இன்னா பண்ணுவேன்னு எனுக்குத் தெரியும்."

"தெரிஞ்சவ பக்கத்துலயே குந்திக்கினு காவல் காத்துக்கினு இரு."

"காத்துக்கினுதானே கீறேன், கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து."

இரண்டு பேரும் சிரித்தார்கள். போடலாம் என்று ஆயிற்று.

கிட்டில் கெட்டியான திராட்சைச் சாறு ஒரு பையில் இருந்தது. ஈஸ்ட், தெளிய வைக்கும் களிமண் தூள், கெடாமல் காக்கும் மருந்து ஆகியவை தனித்தனிப் பொட்டலங்களில் இருந்தன. நான் மணலியில் ஒரு கெமிக்கல் தொழிற்சாலையின் லேபில் வேலை செய்கிறேன். குறிப்பில் உள்ளதை உள்ளபடி செய்வது எனக்குச் சிரமமில்லை. சிரமம் வெயில்தான். குளிர்ச்சியான அறையில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு இருப்பதே இரண்டு அறை, இரண்டுக்கும் மேலே தகரம். கரைத்த சாற்றைத் தண்ணீர் கேன் ஒன்றில் ஊற்றி, அப்பாவின் கட்டிலுக்கு அடியில் தள்ளி, ஈரச் சாக்கு சுற்றினேன். வேறு இடம் இல்லை. காற்று வெளியே போக வைத்திருந்த குழாய் பகலெல்லாம் குமிழ் விட்டது. அப்பா அதற்கு மேலே படுத்துக்கொண்டு செல்போனில் பழைய பாட்டு கேட்பார்.

துறைமுகத்தில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். பேட்டரியில் ஓடும், சரக்கு தூக்கும் வண்டி. அடர்த்தியை அளக்கும் மிதவையான ஹைட்ரோமீட்டரை நான் வெளியே எடுத்ததும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம பேட்டரி பாக்கறதாச்சே. ஷிப்ட்டு ஏறுனதும் மொத வேல இதான் எனுக்கு."

அதே வேலைதான் என்றேன். புளிக்கப் புளிக்கச் சர்க்கரை சாராயமாகும், மிதவை இறங்கிக்கொண்டே போகும், தண்ணீரில் நிற்கும் கோட்டுக்கும் கீழே போய் நின்றுவிடும், நின்றபின் தானாக மாறாது என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். அதன்பின் ஒவ்வொரு முறை அளக்கும்போதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

வேறு கேனுக்கு மாற்றிய அன்று, மட்டம் நின்ற இடத்தில் டேப் ஒட்டினேன். ஒரு சின்ன பாட்டிலில் மாதிரி எடுத்து மூடி வைத்தேன். இரண்டும் லேப் பழக்கம். கழுத்துவரை நிரம்பாவிட்டால் காற்று பட்டு வைன் கெட்டுவிடும், கடையில் ஒரு பாட்டில் சிவப்பு வைன் வாங்கி ஊற்ற வேண்டும் என்று அண்ணனிடம் போனில் சொன்னேன். அப்பா கட்டிலில்தான் இருந்தார்.

இரண்டு நாள் கழித்து வேலையிலிருந்து வந்து பார்த்தபோது கேன் கழுத்துவரை நிறைந்திருந்தது. அளந்தேன். மிதவை தண்ணீர்க் கோட்டை நோக்கி அரைக் கோடு ஏறியிருந்தது.

"தண்ணி கலந்திருக்கு," என்றேன். அம்மா நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவாமலே எழுந்து வந்தாள்.

"நான்தான் ஊத்தினேன்," என்றார் அப்பா. "டிஸ்டில்டு வாட்டரு. பேட்டரில கொறஞ்சா அதானே ஊத்துவோம். நீ கடைக்குப் போய் பாட்டிலு வாங்கியார வேணாம்னுதான்."

அண்ணன் முதன்முதலில் கொண்டுவந்த பிராந்தி பாட்டிலை அப்பா கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, குடித்த அளவுக்கு டீத்தண்ணி ஊற்றி அலமாரியில் வைத்திருந்தார். விருந்தாளிக்கு ஊற்றியபோதுதான் தெரிந்தது. அம்மா அதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"எவ்ளோ குடிச்ச?"

"தொடல."

"எவ்ளோன்னு கேட்டேன்."

"தாயி மேல ஆணையா தொடலம்மே. கேனு காலியா இருந்திச்சு, ரொப்பினேன்."

"ஆணைய வுட்டுடு. அது ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே தேஞ்சு போச்சு."

அவர் என்னைப் பார்த்தார். லேபில் சரியாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். "பாரு, பாரு," என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திருவொற்றியூரில் அத்தை வீட்டில் இருப்பதாக மறுநாள் போன் வந்தது.

லேபில் அனுமதி வாங்கிக்கொண்டு பார்த்தேன். மூடி வைத்திருந்த மாதிரியில், டேப்புக்கு மேலிருந்த இடத்தின் கணக்குப்படி தண்ணீர் கலந்தேன். அதையும் கேனிலிருந்து எடுத்ததையும் அடர்த்தி மீட்டரில் விட்டேன். இரண்டும் ஒன்றாக இருந்தன. காலி இடத்தை நிரப்பியிருக்கிறார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"ஒரு டம்ளரு குடிச்சிட்டு ஒரு டம்ளரு தண்ணி ஊத்தியிருந்தா, உம் மெஷினு காட்டுமா?"

டேப்பை வைத்துப் போட்ட கணக்கு அவ்வளவு துல்லியமில்லை. "காட்டாது," என்றேன்.

"டாக்டரு ஒரு டம்ளருன்னு சொல்லல. ஒரு வாயி போனாலே பழயபடி ஆயிடும்னாரு. இவ்ளோ நாளு நான் தூங்கினதே அந்த ஒரு வாயி உள்ள போவலன்ற நம்பிக்கையிலதான்."

அப்பாவைத் திரும்ப அழைத்துவர வேண்டுமானால் அந்த ஒரு வாயும் போகவில்லை என்று அவள் நம்ப வேண்டும். நான் தருவதற்கு இருந்தது மூன்று, நான்கு டம்ளர் குடிக்கவில்லை என்பதற்கான சான்றுதான்.

அப்பாவிடம் போய் இரண்டும் ஒன்றாக வந்ததைச் சொன்னேன். அத்தை வீட்டு வாசலில் கன்டெய்னர் லாரிகள் நின்றிருந்தன. புகையில் அவர் இருமினார்.

"உங்கம்மா இன்னா சொன்னா?"

சொன்னேன்.

"கரெக்டாதான் கேட்டுக்கீறா," என்றார். இருமல் அடங்கியதும், "நீ நம்பறியா?" என்றார்.

நம்புகிறேன் என்றேன். ஆனால் அவர் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் நான் மூச்சை இழுத்துப் பார்க்கிறேன். அவரும் அதைக் கவனித்துவிட்டார். இப்போது நான் போனால், பேசுவதற்கு முன் என் பக்கமாகத் திரும்பி வாயால் ஒருமுறை ஊதுகிறார்.

வைனைப் பாட்டில்களில் அடைத்துவிட்டேன். நீர்த்துப்போய்விட்டது, இருந்தாலும் கெடவில்லை. இன்னும் சில மாதம் வைக்க வேண்டும். இந்தக் கிறிஸ்துமஸுக்குத் தெருவுக்குக் கொடுப்பதா என்று அம்மா முடிவு செய்யவில்லை. அப்பா திருவொற்றியூரில் இருக்கிறார், ஒரு கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன் வேலை. குடிப்பதாகத் தெரியவில்லை. அம்மா அவரைக் கூப்பிடவில்லை, அவரும் வரவில்லை.