வாட்டம்

யார் வீட்டுக்குப் போனாலும், குடிக்கக் கொடுத்த தண்ணீரில் கடைசி ஒரு வாயை அப்பா குடிக்க மாட்டார். டம்ளரோடு எழுந்து குளியலறையைத் தேடிப் போவார். அந்த ஒரு வாய்த் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்ப்பார். ஓடினால் பேசாமல் திரும்பி வந்துவிடுவார். நின்றுவிட்டால்தான் வம்பு. "யார் போட்ட தரை இது?" என்று கேட்காமல் அந்த வீட்டுப் படியிறங்க மாட்டார். மகளுடைய அலுவலக மேலாளர் வீட்டு விருந்தில்கூட அதையே செய்தார். மகளுக்கு அன்று முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். முப்பத்தைந்து வருட வேலை. தண்ணீர் தேங்காமல் வடிகால் பக்கம் போவதற்காகத் தரையைச் சரித்து ஒட்டுவார்கள். அந்தச் சரிவுக்குக் கொத்தனார்கள் வாட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் ஆறடிக்கு ஓர் அங்குலம் சரித்தால் இவர் மூன்று அங்குலம் சரிப்பார். இவர் ஒட்டிய குளியலறையில் கடைசி வாளியைக் கவிழ்த்த சூட்டோடு தரை காய்ந்துவிடும். அதனால் பட்டப்பெயரே வாட்டம் என்றாகிவிட்டது. அம்மாவுக்கு அது கேலிக்கு வசதி. "பேரைப் பாரு, வாட்டமாம். இந்த மனுஷன் என்னைக்காவது வாடி உட்கார்ந்து பார்த்திருக்கோமா?" என்பாள். உண்மைதான். உட்கார வைத்தால் அவருக்குக் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

அந்தத் தரைகள்தான் மகளைப் படிக்க வைத்தன. குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை. சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளங்களை இரண்டு வருடமாக வரைந்துகொண்டிருந்தாள். அதில் யாராவது ஏறிப் போவதை ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை.

அப்பாவுடைய அக்கா தனியாக இருந்தார். அச்சகத்தில் முப்பது வருடம் தாள் மடித்து, அந்தச் சம்பளத்தில் தானே வாங்கிய இரண்டு அறை வீடு. பெற்றோர் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்ததும் அவர்தான். அந்த வீட்டுக் குளியலறையைத் தம்பி காசு வாங்காமல் ஒட்டிக் கொடுத்தார், தன் வேலையிலேயே அதுதான் சிறந்தது என்று சொல்லிக்கொண்டு. எழுபத்து மூன்றாவது வயதில் அத்தை அந்தக் குளியலறையில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

மருத்துவமனையில் நர்ஸ் படிவத்தை மகளிடம் நீட்டி, "எப்படி விழுந்தாங்கன்னு எழுதுங்க" என்றாள்.

பேனா தாளைத் தொடுவதற்குள் அப்பா பின்னாலிருந்து சொன்னார். "சோப்பு. சோப்பைக் கீழ விட்டிருக்காங்க. அதை மிதிச்சு வழுக்கிடுச்சு."

அத்தை வலியில் கண்ணை மூடியிருந்தார். "இருக்கும்டா தம்பி. நான்தான் விட்டிருப்பேன். கை இப்பல்லாம் எங்க நிக்குது?" என்றார்.

மகள் அப்படியே எழுதினாள். சாயங்காலம் மாற்றுத்துணி எடுக்க அத்தை வீட்டுக்குப் போனபோது குளியலறையை எட்டிப் பார்த்தாள். சோப்பு சுவரில் பதித்த பெட்டியில் இருந்தது, விளிம்பெல்லாம் காய்ந்து வெடித்துப்போய். அவள் துணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. எழுதியதை அடிக்கவும் இல்லை.

அறுவை சிகிச்சை முடிந்து பிசியோதெரபி அம்மா வந்தார். கறாரான பேச்சு. "பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பலாம். அதுக்கு முந்தின நாள் நான் வந்து வீட்டைப் பார்ப்பேன். இவங்க தனியா நடமாடுற மாதிரி இருந்தா வீடு. இல்லேன்னா முதியோர் இல்லத்துல ஒரு படுக்கை சொல்லி வச்சிருக்கேன்."

"சொந்த இல்லம் இருக்கும்போது முதியோர் இல்லம் எதுக்கும்மா?" என்றார் அத்தை. தலையணைக்கடியில் கையை விட்டு வீட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"அங்க போனா திரும்பி வரலாமா?" என்று மகள் வராந்தாவில் தனியாகக் கேட்டாள்.

"வரலாம். நான் பார்த்தவரைக்கும் யாரும் வந்ததில்லை."

மறுநாளே அப்பா கருவிப் பையோடு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். மகளும் அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனாள். வாசலின் இரண்டு படிகளையும் மூடிச் சாய்தளம் போட்டார். கால் தடுக்கும் நிலைப்படியைச் செதுக்கிச் சமமாக்கினார். தரையில் கிடந்த ஒயரையெல்லாம் சுவரோரமாக அடித்தார். கட்டிலுக்கு நான்கு கட்டை கொடுத்து உயர்த்தினார். படுக்கையிலிருந்து கைக்கு எட்டுகிற இடத்தில் விளக்குச் சுவிட்ச் வைத்தார். ஒன்றை முடிப்பதற்குள் இன்னொன்றில் கை வைத்துவிடுவார். பாதி முறுக்கிய திருகாணிகள் வீடெங்கும் துருத்திக்கொண்டிருந்தன.

கழிப்பறைப் பக்கத்தில் கைப்பிடிக் கம்பியைப் பொருத்திவிட்டு மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் நாடாவை எடுத்து அளந்தாள்.

"அப்பா, அத்தை என்ன பஸ்லயா போகப்போறாங்க, மேல கம்பியைப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு?"

"ஏன், என் கைக்குச் சரியாத்தானே இருக்கு?"

"உங்க கைக்குத்தான் இருக்கு. அவங்க நாலே முக்கால் அடி. கையைத் தொங்கவிட்டா மணிக்கட்டு எங்க வருதோ, அங்க வரணும் கம்பி."

"படிச்சவ சொன்னா சரி" என்று கழற்றினார். அதில் கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் குத்தலும் இருந்தன. அவளுக்கோ உள்ளே வேறொன்று உறுத்தியது. வரைபடத்தில் கைப்பிடி என்பது இரண்டு கோடு. எத்தனை கட்டடங்களுக்கு அந்த இரண்டு கோட்டை இழுத்திருக்கிறாள்? யாருடைய மணிக்கட்டு என்று ஒரு தடவையாவது கேட்டிருப்பாளா?

ஆனால் தரைப் பேச்சை எடுத்தால் மட்டும் அப்பா எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

"தரைக்கு என்ன? சொட்டுத் தண்ணி நிக்கல."

"சரிவு ஜாஸ்திப்பா. பளபளப்பும் ஜாஸ்தி."

"முப்பத்தஞ்சு வருஷத்துல ஒருத்தன் குறை சொன்னதில்லை. நீ அந்தச் சுத்தியலை எடு."

மூன்றாம் நாள் ஒரு ரப்பர் விரிப்பை வாங்கி வந்து போட்டார். நான்காம் நாள் விரிப்பு தானாக வடிகால் வாயில் போய்க் கிடந்தது. அதை எடுத்து மறுபடி மேலே போட்டார்.

ஆறாம் நாள் வாக்கர் வந்தது, நான்கு சக்கரம் வைத்தது. கதவில் நுழைகிறதா என்று பார்க்க மகள் அதைக் குளியலறைக்குள் தள்ளினாள். விரல்கடை இடைவெளியில் நுழைந்தது. அவள் கையை எடுத்ததுதான் தாமதம், வாக்கர் மெதுவாகத் தானே கிளம்பியது. போகப் போக வேகம் பிடித்து எதிர்ச்சுவரில் இடித்து நின்றது.

அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து அதை வாசல் வரைக்கும் இழுத்து நிறுத்திக் கையை விட்டார். மறுபடி போய் இடித்தது. மூன்றாவது தடவை அவரே அதைப் பிடித்துக்கொண்டு, தேய்ந்துபோன தன் இரண்டு முழங்காலையும் மடக்கி, நிற்கத் தடுமாறுகிற ஆள் மாதிரி பாரத்தை அதன்மேல் போட்டு நின்றார். கைகள் அவரை விட்டு முன்னால் போயின.

"இழுக்குது" என்றார்.

பிறகு பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்து, வாசலை ஒட்டிய முதல் டைல்ஸின் நடுவில் வைத்து அடித்தார்.

அரைத் தரை பெயர்ந்த பிறகுதான் மகளுக்கு வாய் வந்தது. "அப்பா, அன்னிக்கு சோப்பு பெட்டியிலதான் இருந்துச்சு."

சுத்தியல் நின்றது. "தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடி அவங்களைத் தூக்கினது நான்தானே? தரையில தண்ணியைத் தவிர ஒண்ணுமில்லை. கால் வழுக்கின தடம் நேரா வடிகாலுக்குப் போச்சு."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவர் தூளைக் கையால் வழித்துக்கொண்டே இருந்தார். "அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ சொல்லாதே."

புதுத் தரைக்கு முக்கால் அங்குலம்தான் வாட்டம். சொரசொரப்பான, பளபளப்பே இல்லாத டைல்ஸ். மட்டம் பார்க்கும்போதெல்லாம் அவர் கை பழக்கத்தில் கீழே அழுத்தப் போகும், மகள் நாடாவைக் காட்டுவாள், பல்லைக் கடித்துக்கொண்டு உயர்த்துவார். ஒன்பதாம் நாள் பிசியோதெரபி அம்மா வந்து வாக்கரைத் தள்ளிப் பார்த்தார், நிறுத்திப் பார்த்தார், தண்ணீர் ஊற்றி மிதித்துப் பார்த்தார். ஒரு மூலையில் உள்ளங்கையளவு தண்ணீர் நின்றது. அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார்.

"நல்லா இருக்கே. யார் போட்டது?"

"யாரோ ஒரு ஆள்" என்றார் அப்பா.

அத்தை வீட்டுக்கு வந்தார். சாய்தளத்தில் யாரையும் தொடவிடாமல் தானே ஏறி, தன் சாவியால் தானே திறந்தார்.

அதன்பிறகு அப்பா இரண்டு வருடம் இருந்தார். அந்த இரண்டு வருடமும் ஓரிடத்தில் நிற்கவில்லை. பழைய வாடிக்கையாளர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "வீட்டுல வயசானவங்க இருக்காங்களா? நான் போட்ட தரை தப்பு. மாத்திக் கொடுக்கிறேன்" என்பார். சிலர் ஆளை மேலும் கீழும் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள். பதினொரு வீட்டில் மாற்றிக் கொடுத்தார். வெளியாட்களிடம் அந்தத் தப்பு என்ற வார்த்தை அவருக்குச் சரளமாக வந்தது.

அக்கா வீட்டுக்கும் வாராவாரம் மகளோடு போனார். கம்பியைத் தட்டிப் பார்ப்பார், பல்பை மாற்றுவார், கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவார். வேலை தீர்ந்ததும் அக்கா எதிரில் வந்து நிற்பார்.

"என்னடா, ஏதோ சொல்ல வந்தவன் மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்லைக்கா. அந்தக் குழாய் லேசா ஒழுகுது. வாஷர் வாங்கிட்டு வரேன்."

ஒழுகாத குழாய்க்கு அவர் எத்தனை வாஷர் வாங்கினார் என்று மகள் எண்ணவில்லை. வண்டியில் திரும்பும்போது, "சொன்னீங்களா?" என்று முதலில் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது. தான் எழுதிய அந்த ஒரு வரியும் அதில் சேர்ந்திருந்ததால் கேட்காமல் இருப்பது வசதியாக இருந்ததோ என்றும் தோன்றுகிறது.

பன்னிரண்டாவது வீட்டில், காலை வேளையில், மண்டியிட்டுக் கலவை பரப்பிக்கொண்டிருந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அத்தை இன்னும் அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். தானே குளிக்கிறார், தானே சமைக்கிறார். வருகிறவர்களை வாக்கரோடு கூட்டிப் போய்க் குளியலறையைக் காட்டுகிறார். போன வாரம் மகள் போயிருந்தபோதும் கட்டிலில் உட்கார்ந்து தம்பியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"உங்கப்பன் எப்படிப்பட்ட தரை போட்டிருந்தான் தெரியுமாடி? கண்ணாடி மாதிரி இருக்கும். நான் புத்திகெட்டுப் போய் சோப்பைக் கீழ விட்டேன். எனக்காக அதை அவன் கையாலயே உடைச்சான். எவ்வளவு வலிச்சிருக்கும் அவனுக்கு? ஒரு தடவையாவது அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கணும். கேட்காமலே விட்டுட்டேன்."

மகள் அத்தையின் முகத்தைப் பார்த்தாள். வார்த்தை முழுசாக வாயில் வந்து நின்றது. நீ சொல்லாதே என்று அப்பா சொன்னதும் வந்து நின்றது. அந்த உண்மை அப்பா கொடுக்க வேண்டியது. அவர் கொடுக்காமல் போய்விட்டார். அவள் இன்னும் கொடுக்கவில்லை.