எவ்வளவு நேரம் பறக்கும் சார்?

விமான டிக்கெட் விற்கிறவனிடம் விலையைக் கேட்பதற்கு முன்பே எல்லோரும் கேட்பது, "எவ்வளவு நேரம் ஆகும்?" என்றுதான். பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் டிராவல் ஏஜென்சி நடத்தும் நான், டெல்லி, மும்பை போகிறவர்களைச் சமாளித்துவிடுவேன். ஹூப்ளி, சேலம், தூத்துக்குடி என்று பக்கத்தில் இருக்கிற சின்ன விமான நிலையங்களைக் கேட்டு வருகிறவர்களிடம்தான் மாட்டிக்கொள்வேன். என்னைப் போலவே கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து டிக்கெட் விற்றுப் பிழைக்கிற உங்களுக்கு இதைச் சொல்லாமலே புரியும்.

திரும்புகிற வழி நீளம்

ஸ்டெல்லா மிஸ் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹூப்ளியில் இருக்கும் தங்கையைப் பார்க்க, போக வர டிக்கெட் கேட்டார். போட்டுக் கொடுத்ததைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தார். போவதைவிட வருவதற்குப் பத்து நிமிஷம் கூடுதல் என்று இருந்தது. "அதே தூரம்தானே தம்பி, திரும்பி வர்றப்ப எப்படி நீளும்?"

காற்று, பெங்களூரில் இறங்க வரிசை என்று தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அதற்குள் திரும்பும் டிக்கெட்டுக்கு விலை குறைவு என்பதையும் பார்த்துவிட்டார். யோசித்துவிட்டு இரண்டையும் என்னிடமே நீட்டினார்.

"ஜாஸ்தி நேரம் உட்காரலாம், காசும் கம்மி. எனக்கு ரெண்டையுமே ரிட்டர்ன் டிக்கெட்டா போட்டுடுங்க தம்பி."

சேலத்துக்கு ஒரு மணி நேரம்

சந்தாபுராவில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் குமரேசனுக்குச் சேலத்தில் தங்கை வீட்டு கிரகப்பிரவேசம். சந்தாபுராவே சேலம் போகிற ரோட்டில்தான் இருக்கிறது, விமான நிலையமோ ஊருக்கு எதிர்க்கோடி என்று எடுத்துச் சொன்னேன். "பஸ்ல போனா யார் சார் பார்ப்பாங்க?" என்றார். அவர் மனைவி மட்டும் காது அடைக்கும் என்று பஸ்ஸில் கிளம்பிவிட்டார்.

குமரேசன் நகரம் முழுக்க டிராஃபிக்கில் ஊர்ந்து, விமானம் ஏறி, வந்த வழியே திரும்பி சந்தாபுரா பக்கமாகவே பறந்து போய்ச் சேலத்தில் இறங்கினார். இறங்கியதும் எனக்குத்தான் போன்.

"சம்சாரம் அங்க பந்தியில உட்கார்ந்துட்டா சார். 'ஏங்க, ஏர்போர்ட்டாவது வந்து சேர்ந்தீங்களா'ன்னு கேட்கறா."

சக்கரம் தரையில் படாத நேரம்

பீன்யாவில் லேத் ஓட்டுகிற துரைசாமிக்கு விமானம் என்றாலே நடுக்கம். தூத்துக்குடியில் மகளுக்கு எட்டாம் மாதமே பிரசவமாகி, பேத்தி ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். ரயிலில் இடம் இல்லை. "எதுல போனா சக்கரம் தரையில படாம இருக்கற நேரம் கம்மி?" என்று கேட்டார். சேலம் என்றேன். அதுவரை பறந்து, மீதியை பஸ்ஸில் போவதாக முடிவானது.

சேலத்தில் அன்று பேய் மழை. விமானம் மேலேயே சுற்றிச் சுற்றிவிட்டு பெங்களூருக்கே திரும்பிவிட்டது. பையோடு நேராகக் கடைக்குள் வந்தவரைப் பார்த்து, திட்டு விழப்போகிறது என்று எழுந்து நின்றேன். அவர் தண்ணீர் குடித்துவிட்டு, "சுத்தின நேரத்துக்குத் தூத்துக்குடியே வந்திருக்கும். அங்கேயே போடுங்க சார்" என்றார்.

மறுநாள் நானே போன் செய்து குழந்தையையும் பயணத்தையும் விசாரித்தேன்.

"பாப்பா கண்ணு தெறந்து பார்த்தா சார். பிளைட்டா? ஏறி உட்கார்றதுக்குள்ள எறக்கி விட்டுட்டாங்க."

தூரம் கிலோமீட்டரிலும் நேரம் நிமிஷத்திலும் இருப்பதாக நம்பி இந்தத் தொழிலுக்கு வந்தவன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.