சுண்டக் காய்ச்சிய கடல்

விதி ஏழு: காலை பத்து மணிக்குள் பதிவு செய்யாத பள்ளி, தொடக்கப் பள்ளிகளின் அறிவியல் சங்கமத்தில் பங்கேற்கத் தகுதியற்றது. அந்த விதியில் கப்பல் என்ற சொல்லே கிடையாது. எழுதியவர் மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்கு விமானத்தில் வந்து விமானத்திலேயே திரும்பியவர்.

நேற்று போர்ட் பிளேர் டெலானிபூரில் எங்கள் மாடியில் குடியிருக்கும் ஆசிரியை, "அங்கிள், பாருங்க, பந்த் ஆயிடுச்சு" என்று போனை நீட்டினார். இந்த ஆண்டின் இணையப் பதிவுத் தளம் பத்து மணிக்குத் தானே மூடிக்கொண்டதாம். அவர் கையில் வினிகர் வாடை. எரிமலை ஒத்திகை போலும்.

வினிகர் என்றால் மற்றவர்களுக்கு ஊறுகாய் நினைவு வரும். எனக்கு ஒரு பள்ளி மண்டபம். ஓய்வுக்கு முன் நடந்த கடைசிச் சங்கமம் அது; நான் பதிவு மேசை எழுத்தர். வந்த பதினொரு பள்ளிகளில் ஒன்பது, சோடா உப்பில் வினிகர் ஊற்றிய எரிமலை. நாட்டில் புகைகிற ஒரே எரிமலை நம் தீவுகளில் இருப்பதால் வந்த வினை. பதினொரு மணிக்குள் மண்டபமே புளித்துவிட்டது.

பன்னிரண்டுக்கு வேறொரு தீவின் ஹட் பே பள்ளி ஆசிரியை வசந்தி, நான்காம் வகுப்புப் பெண்கள் இருவரோடு கப்பல் ஜெட்டியிலிருந்து ஓடி வந்தார்.

"லேட், டீச்சர்."

"ஜஹாஸே லேட் சார். நீந்தியா வர முடியும்?"

கவிதா என்ற சிறுமி ஒரு பால்பவுடர் டப்பாவை அணைத்திருந்தாள். உள்ளே அரிசி, அரிசிக்குள் ஒரே ஒரு பச்சை முட்டை. "வழியெல்லாம் வாந்தி சார், டப்பாவ மட்டும் விடல" என்றார் வசந்தி. கூட வந்த மௌமிதா கடல்நீர்க் கேனைத் தூக்கிக் காட்டினாள். "சமுந்தர் கா பானி, அங்கிள்."

"ஏம்மா, போர்ட் பிளேர்ல சமுந்தர் இல்லையா?"

"உங்க சமுந்தர்ல முட்டை முங்கிடும்" என்றாள் கவிதா. "இது மூணுல ஒரு பங்கா சுண்டக் காய்ச்சினது. இதுல மிதக்கும்."

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ரூல் இருக்கு சார். அடுத்த வருஷம் வரட்டும்." கவிதாவின் கையில் டப்பா இன்னும் இறுகியது.

அலுவலகத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஐயம் எழுப்பி மேலிடத்துக்கு எழுதிவிட்டால், பதில் வரும்வரை யாரும் 'இல்லை' சொல்ல முடியாது. 'கப்பலின் தாமதம் பள்ளியின் தாமதமாகுமா எனத் தெளிவுபடுத்தக் கோரப்படுகிறது. அதுவரை தற்காலிக அனுமதி' என்று எழுதி, எண்ணிட்டு, முத்திரை குத்தினேன். கருணை என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அந்த முட்டையைப் பார்க்க வேண்டியிருந்தது.

குழாய்த் தண்ணீரில் மூழ்கியது. காய்ச்சிய கடலில் மிதந்தது. ஒன்பது எரிமலை கண்ட நடுவர் குனிந்து, "ஃபிர் ஸே, பேட்டா" என்று மறுபடி செய்யச் சொன்னார். எரிமலைக்காரர்கள் எல்லாம் அந்த மேசைக்கு ஓடிவந்தார்கள்.

"தொடாத! உடைஞ்சா உன் எரிமலைலயா முட்டை கிடைக்கும்?" என்று கவிதா விரட்டினாள்.

இரண்டாம் பரிசு.

இப்போது மேசையில்லை, முத்திரையில்லை. தளத்தில் பெயர் எழுதக் கட்டம் இருக்கிறது, ஐயம் எழுதக் கட்டம் இல்லை. மாடி ஆசிரியைக்காக நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

என் ஐயத்துக்குப் பதில் வராமல் போகவில்லை. 'விதியில் இடமில்லை, அனுமதிக்க வேண்டாம்.' அதற்குள் கவிதா ஐந்தாம் வகுப்பு. சான்றிதழ் ஹட் பே பள்ளிச் சுவரில். என் கையால் பதிவேட்டில் ஏற்றிய கடைசிக் கடிதம் அது. வந்த தேதி, நான் ஓய்வு பெற்ற ஜூலை முப்பத்தொன்று.