சூலூரில் ஓர் ஊட்டி அடுப்பு

சூலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "ஊட்டி அடுப்பு வீடு எது?" என்று யாரைக் கேட்டாலும் கைகாட்டி விடுவார்கள். அரங்கசாமி வீடு என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்கள். ஹாலில் டி.வி. இருக்க வேண்டிய சுவரில், விறகு எரித்துக் குளிர்காய ஒரு கணப்பு. அதற்கு மொட்டை மாடிக்கு மேலே ஒரு புகைபோக்கி. மார்கழியிலும் மத்தியானம் வியர்க்கிற ஊரில் இப்படி ஒன்றைக் கட்டி வைத்தால் ஊர் சும்மா இருக்குமா? பெயர் வைத்துவிட்டது.

கட்டிய ஆளோ, ஆயுசு முழுக்கப் பவுண்டரியில் இரும்பு உருக்கும் உலைக்கு முன்னால் நின்றவர். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாக இருக்கிறதே என்று சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேராகவே சிரித்தார்கள்.

"ஏனுங்கண்ணா, ஊட்டியில இருந்து ஆராச்சும் குடி வாராங்களா?" என்று சுவர் எழுப்பிய கொத்தனார் செங்கோடனும் கேட்டார்.

"உங்க அண்ணிக்குக் குளுருதாமா" என்றார் அரங்கசாமி. அதற்கு மேல் விளக்கம் சொல்வது அவருக்குப் பழக்கமில்லை.

அண்ணி என்றால் அவர் மனைவி கனகம். ஒல்லி உடம்பு, தைராய்டு வேறு. ஐப்பசி பிறந்தால் ஸ்வெட்டரும் காலுறையும் ஏறும். மாசி முடிந்துதான் இறங்கும். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்னு சும்மாவா சொன்னாங்க?" என்று கைகளைத் தேய்த்துக்கொண்டே காப்பி போடுவாள். அரங்கசாமிக்கு ஒரே பதில்தான். "கோயமுத்தூர்ல ஏது குளுரு அம்மணி?" கிண்டலுக்குச் சொன்னதல்ல. உலைச் சூட்டில் ஊறிய அந்த உடம்புக்குக் குளிர் என்றால் என்னவென்று நிஜமாகவே தெரியாது. மார்கழி விடிகாலையிலும் ஃபேன் சுற்றினால்தான் அவருக்குத் தூக்கம் பிடிக்கும்.

ஒரு முறை பவுண்டரி முதலாளி தன் ஊட்டி பங்களாவுக்கு அவர்களை அனுப்பி வைத்தார். தாவரவியல் பூங்கா, படகு, ஒன்றையும் கனகம் கண்டுகொள்ளவில்லை. பங்களாவில் எரிந்த கணப்பின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் மெல்லக் கேட்டாள்: "ஏனுங்க, நம்மூட்டுல இப்படி ஒண்ணு இருந்தா எப்படி இருக்கும்?"

"பவுண்டரியிலயும் உலை, ஊட்டுலயும் உலையா?" என்று சிரித்தார் அரங்கசாமி.

அவளும் சிரித்தாள். அப்புறம் கேட்கவேயில்லை. ஒன்றை இரண்டாம் தரம் கேட்கிற பெண் இல்லை அவள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகன் ஹர்ஷாவோடு சேர்ந்து புது வீடு கட்டும்போதுதான் அவருக்கே அது ஞாபகம் வந்தது. யாரிடமும் கேட்காமல் செங்கோடனிடம் சொல்லிவிட்டார்.

பிரயோசனமா என்று கேட்டால், இல்லை. சூட்டில் முக்கால்வாசி புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்குப் போனது. ஜன்னல் திரையெல்லாம் கரி. மருமகள் அக்ஷிதா துவைத்துத் துவைத்து ஓய்ந்துபோனாள். ஹாலின் ஒரு பக்கம் கனகத்துக்கு நெருப்பு எரியும். மறுபக்கம் அரங்கசாமிக்கு ஃபேன் சுற்றும். இந்தக் கூத்தைப் பார்க்கவே பக்கத்து வீட்டார் வந்து போனார்கள். கனகம் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இப்பத்தானுங்க ஒடம்பு ஒடம்பாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் கண்ணை மூடிக்கொள்வாள்.

இரண்டு பனிக்காலம் அப்படிப் போனது. மூன்றாவது பனிக்காலம் வருவதற்குள், புரட்டாசியில் ஒரு காலையில், காப்பித் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

அரங்கசாமி அழவில்லை. கல்நெஞ்சன் என்று சிலர் நினைத்திருப்பார்கள். அவருக்குள் ஒன்றுமே நடக்கவில்லை என்பதுதான் உண்மை. வந்தவர்களுக்குக் கும்பிடு போட்டார், சாப்பிடச் சொன்னபோது சாப்பிட்டார், காரியம் முடிந்ததும் பந்தல்காரனிடம் நாற்காலிகளை எண்ணிக் கொடுத்தார். ஐப்பசி பிறந்ததும், சாயங்காலம் வழக்கம்போல விறகு கொண்டுவந்து கணப்பை மூட்டினார். கனகத்தின் நாற்காலியில் உட்கார்ந்து, அவளைப் போலவே காலை நீட்டினார். மறுபக்கம் ஃபேனும் சுற்றியது.

அந்தக் கால்களில் சர்க்கரை வியாதியால் உணர்ச்சி செத்து வருசக்கணக்காகிறது. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் கடைத்தெரு வரைக்கும் நடந்துபோனவர்தான்.

ஒரு சாயங்காலம் அக்ஷிதா சமையலறையிலிருந்து மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தாள். "என்னமோ கருகற வாசம் வருதுங்களே மாமா?" என்றவள் கீழே பார்த்தாள். பதறிப்போய் நாற்காலியோடு அவரைப் பின்னால் இழுத்தாள். வலது கால் பெருவிரல் வெந்து தோல் உரிந்திருந்தது. அரங்கசாமி குனிந்து பார்த்தார். யாருடைய காலையோ பார்ப்பது போலத்தான் இருந்தது.

புண் ஆறவில்லை. விரலை எடுத்தார்கள். "மறுபடி நெருப்புக்கிட்டப் போனா, அடுத்தது பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும்" என்று டாக்டர் கண்டித்து அனுப்பினார். கட்டுப்போட்ட காலோடு வீடு வந்த மனுசன், மறுநாள் சாயங்காலமே தத்தித் தத்திப் போய் விறகை எடுத்தார்.

"அதை அடைச்சுப்போடலாமுங்கப்பா" என்றான் ஹர்ஷா.

"இருக்கட்டும்."

"உங்களுக்குத்தான் சூடே தெரியலைங்களே. அப்புறம் எதுக்குங்கப்பா அது?"

அரங்கசாமி விறகைக் கணப்பில் அடுக்கினார். சூடு தெரியவில்லைதான். கனகத்துக்கென்று அவராக நினைத்துச் செய்தது அது ஒன்றுதான். அதையும் அடைத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? இதை மகனிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஹர்ஷா கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

அக்ஷிதா கோபிக்கவில்லை. தினமும் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுபவள் அவள்தான். அன்றும் கீழே உட்கார்ந்து கட்டுப்போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "நீங்க காலை நீட்டி உக்காந்தா, நானு அடுப்படியில மோந்து பாத்துட்டே நிக்கறனுங்க மாமா. தாளிக்கற வாசம் வந்தாலும் பகீர்ங்குது. எத்தனை நாளைக்குங்க இப்படி மோந்துட்டே இருக்கறது?"

அரங்கசாமி அவள் உச்சந்தலையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, "செங்கோடனை வரச்சொல்லு அம்மணி" என்றார்.

மார்கழி பிறந்த வாரத்தில் செங்கோடன் வந்தார். இந்த முறை கேலி எதுவும் பேசவில்லை. செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டு, காப்பி குடித்து, சொல்லிக்கொண்டு போனார். சுவரில் ஈரச் சிமென்ட்டு ஒரு சதுரமாகத் தெரிந்தது.

அன்று சாயங்காலமும் அரங்கசாமி அதே நாற்காலியில் உட்கார்ந்தார். கால் தானாக நீண்டது. எதிரே வெறும் சுவர். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மணி, அந்த ஃபேனை நிறுத்து" என்றார்.

அக்ஷிதா ஓடி வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. ஃபேனை நிறுத்தினாள். அப்போதும் அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே போய், பீரோவிலிருந்த மாமியாரின் சால்வையை எடுத்துவந்து அவர் தோளில் போர்த்தினாள்.

"குளுருதுங்களா மாமா?"

அரங்கசாமி சால்வையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். புரட்டாசியிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"குளுருது" என்றார். "குளுரத்தான் செய்யுது கனகம்."