வாத்து கிளம்பின பிறகு வந்த வண்டி

ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுறவனுக்கு ரோடு தெரிஞ்சா மட்டும் போதாது, எந்த ஊர்ல இன்னைக்கு நெல்லு அறுக்கிறாங்கன்னும் தெரிஞ்சிருக்கணும். ஆனா வண்டி எங்க நிக்கணும்னு முடிவு பண்றவங்க நம்மளைக் கேக்க மாட்டாங்க. அந்த வயித்தெரிச்சல், ஸ்டீயரிங் புடிச்ச உங்களுக்கெல்லாம் புரியும்.

நீலப் புள்ளி

செஞ்சியில மீட்டிங். ஊர் ஊராப் போற வாத்துக்காரங்களுக்கு மருத்துவ வண்டி எங்க நிக்கணும்னு பேச்சு. தை மாசம் கணக்கெடுத்தப்ப அவங்க அவலூர்பேட்டைப் பக்கம் கூடாரம் போட்டிருந்தாங்க. அதிகாரி மேப்ல அங்கேயே ஒரு நீலப் புள்ளி வச்சாரு.

"சார், அறுத்த வயல்ல உதிர்ந்த நெல்லைத்தான் வாத்து தின்னும். தீர்ந்துட்டா கிளம்பிடுவாங்க. அறுப்பு மெஷின்காரரை வாராவாரம் கேட்டா, அடுத்து எங்க இருப்பாங்கன்னு தெரிஞ்சிடும்"னேன். அவரு நிமிர்ந்தே பாக்கலை.

"டிரைவர், டீ சொன்னீங்களே, வந்துச்சா?"

போட்டோ

மாசிக் கடைசியிலதான் அந்த நீலப் புள்ளிக்கு எங்களை அனுப்பினாங்க. காஞ்ச தாளும் வாத்து இறகும்தான் கிடந்துச்சு. எங்களுக்குப் பயமெல்லாம் லட்சுமியைப் பத்தித்தான். வாத்துக்காரர் மருமக, எட்டு மாசம். தையிலயே கால் வீங்கி பிரஷர் ஏறியிருந்துச்சு. வாராவாரம் பாக்கணும்னு எங்க வண்டியில வர்ற நர்ஸம்மா சொல்லியிருந்தாங்க.

வாத்துக்காரருக்குப் போன் போட்டா, அனந்தபுரம் பக்கத்துல இருக்கிறாங்களாம். வண்டியைத் திருப்பட்டுமான்னு அதிகாரியைக் கேட்டேன். அந்த ஊரு லிஸ்ட்ல இல்லியாம். பன்னண்டு மணி வரைக்கும் அங்கேயே நின்னு, போட்டோ எடுத்து அனுப்பணுமாம். "இங்க ஒருத்தரும் இல்லியே, யாரை சார் எடுக்கிறது?"ன்னேன்.

"வண்டியை எடுங்க. போட்டோவுல வண்டி தெரிஞ்சா போதும்"ன்னாரு.

அட்ரஸ்

போட்டோவும் எடுக்கலை, ஒண்ணும் எடுக்கலை. நேரா அனந்தபுரத்துக்கு விட்டேன். லட்சுமிக்கு முகமே வீங்கிப்போயிருந்துச்சு, கண்ணு மங்குதுன்னு சொன்னா. பிரஷர் பாத்த நர்ஸம்மா, "ஏத்துங்கண்ணே"ன்னாங்க, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில சீட்டு எழுதுறவரு, "நிரந்தர அட்ரஸ் சொல்லும்மா"ன்னாரு. கூட வந்த மாமியார் நாலு ஊர் பேரைச் சொன்னாங்க. எதையும் எழுதாம பேனாவை மூடினாரு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள லட்சுமியோட மாமியார் ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டாங்க.

"முட்டை ஏவாரி டெய்லி காலையில நாங்க எங்க இருக்கிறோமோ அங்க கரெக்டா வந்து நிக்கிறான். உங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு நைனா எங்க எடம் தெரியல?"

தாயும் புள்ளையும் பொழைச்சிட்டாங்க. லிஸ்ட்ல இல்லாத ஊருக்கு வண்டி ஏன் போச்சுன்னு கேட்டு எனக்கு ஒரு மெமோ வந்துது, எங்க ஆபீஸ்லேருந்து கிளம்பினதுல அது ஒண்ணுதான் சேர வேண்டிய ஆளுகிட்ட நேரத்தோட வந்து சேர்ந்துச்சு.